காண்டாமிருக வண்டின் மண்ணடி வாழ்க்கை

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் வழியிலும் கேரித் தீவின் உட்பகுதிகளிலும் நிற்கும் இளம் செம்பனைகளை உற்றுப் பார்ப்பவர்கள், அவற்றின் மட்டைகள் சிலவற்றில் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாற்போல ஆப்பு வடிவ இடைவெளிகள் இருப்பதைக் காணலாம். கோலாலம்பூரின் பழைய வீடுகளின் பின்புறத்திலும் கோயில் வளாகங்களிலும் எஞ்சியிருக்கும் தென்னைகளிலும் அதே வடு தென்படும். இதைச் செய்வது தமிழில் காண்டாமிருக வண்டு என்றும் மலாய் மொழியில் கும்பாங் பாடாக் என்றும் அழைக்கப்படுகின்ற, தலையில் ஒற்றைக் கொம்புடைய கரிய வண்டு ஆகும். மரத்தின் உச்சியில் அது ஏற்படுத்தும் சேதம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஆனால் அதன் ஆயுளில் பெரும்பகுதி மக்கிய மரத்துக்குள்ளும், சாணக் குவியலுக்குள்ளும், அவற்றின் அடியிலுள்ள மண்ணுக்குள்ளும் யாரும் பாராமல் கழிகிறது. இந்த வண்டைப் பற்றி ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேலாக மலாயாவில் நடந்த ஆய்வுகளும், இயற்றப்பட்ட சட்டங்களும், தோட்டங்களில் மேற்கொள்ளப்பட்ட முறைகளும் வெற்றி கண்டதும் தோற்றதும், கண்ணில் படாத அந்த மண்ணடிப் பருவத்தை எவ்வளவு தூரம் கணக்கில் எடுத்துக்கொண்டன என்பதைப் பொறுத்தே அமைந்தன.

ஓரிக்டெஸ் ரைனோசெரஸ் என்னும் இவ்வண்டின் அறிவியல் பெயரில், ரைனோசெரஸ் என்ற இனப் பெயரை 1758இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் சூட்டினார். பின்னாளில் பேரினப் பெயர் மட்டும் மாறியது. இந்தியா, இலங்கை தொடங்கி மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வரையிலான வெப்பமண்டல ஆசியாவே இதன் பூர்வீக நிலம். முதிர்ந்த வண்டு ஏறத்தாழ 4 முதல் 5 செ.மீ. நீளம் இருக்கும். கொம்பு ஆண், பெண் இரண்டுக்கும் உண்டு. பொதுவாக ஆணுக்கு நீண்டும் பெண்ணுக்குக் குட்டையாகவும் இருந்தாலும், உடல் சிறுத்த ஆண்களின் கொம்பும் சிறுத்தே இருப்பதால், கொம்பை மட்டும் பார்த்துப் பாலினத்தைச் சொல்ல முயல்பவர் தவறிவிடக்கூடும். வண்டைத் திருப்பி அதன் வயிற்றின் கடைசி நுனியைப் பார்ப்பதே நம்பத்தக்க வழி: அங்கே செம்பழுப்பு நிறத்தில் அடர்ந்த மயிர்க்கற்றை இருந்தால் அது பெண், வழவழப்பாக இருந்தால் ஆண். தோட்டத்தில் பிடிபடும் வண்டுகளில் எத்தனை முட்டையிடக் கூடியவை என்று கணக்கெடுப்போர் இந்த அடையாளத்தைத்தான் பயன்படுத்துகின்றனர்.

வண்டினங்கள் அனைத்தையும் போலவே இதுவும் முழு உருமாற்றம் அடையும் பூச்சி. அதாவது முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்வண்டு என ஒன்றுக்கொன்று தோற்றத்திலும் உணவிலும் வேறுபட்ட நான்கு நிலைகளைக் கடந்து வருவது. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் வண்டு மரத்தைத் தேடுவதில்லை. மட்கிக்கொண்டிருக்கும் தாவரப் பொருள் இருக்கும் இடத்தை அது தேடிச் செல்கிறது. வெட்டிச் சாய்த்த தென்னையின் அல்லது செம்பனையின் அடிமரம், பட்டுப்போய் நின்றபடியே உளுத்துவிட்ட தண்டு, மரத்தூள் குவியல், மாட்டுச் சாணக் குழி, ஆலைகளில் பழம் உதிர்த்தபின் எஞ்சும் வெற்றுக் குலைகளின் குவியல் ஆகிய எல்லாம் அதற்கு ஏற்றவையே. தன் முன்னங்கால்களாலும் தலையாலும் அந்த மட்குக்குள் துளைத்து இறங்கி, ஈரமும் இருளும் நிலையாக உள்ள ஆழத்தில் முட்டைகளை ஒன்றொன்றாக இடுகிறது. ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் சுமார் 50 முட்டைகளும், நல்ல சூழலில் அதற்கு மேலும் இடும். இட்டபோது நீள்வட்டமாக, சுமார் 3 மி.மீ. அளவில் வெளிர் நிறத்தில் இருக்கும் முட்டை, சுற்றிலுமுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சில நாள்களில் பருத்து உருண்டையாகி, 8 முதல் 12 நாள்களில் பொரிகிறது. காய்ந்த மட்கில் முட்டை பிழைப்பது அரிது. ஆண்டு முழுதும் மழை பெய்யும் கிள்ளான் பள்ளத்தாக்கிலோ மட்கு முற்றிலும் காய்வது அதனினும் அரிது.

முட்டையிலிருந்து வெளிவரும் புழுதான் இவ்வுயிரின் நெடுங்காலப் பருவம். வெள்ளை நிறமும், பழுப்புத் தலையும், அரைவட்டமாக வளைந்த பருத்த உடலும் கொண்ட இது குண்டுப்புழு வகையைச் சேர்ந்தது. இரண்டு முறை தோலுரித்து மூன்று பருவங்களைக் கடக்கும் இப்புழு, முதலிரண்டு பருவங்கள் ஒவ்வொன்றையும் இரண்டு, மூன்று வாரங்களில் முடித்துவிடுகிறது. மூன்றாம் பருவம் மட்டும் இரண்டு மாதம் முதல் ஐந்து மாதத்துக்கும் மேலாக நீள்கிறது. அப்போது அதன் தலை மட்டுமே ஒரு செ.மீ.க்கு மேல் அகன்றிருக்கும்; உடலை நிமிர்த்தி அளந்தால் 6 முதல் 10 செ.மீ. வரை வரும். பின்னாளில் வண்டின் உடலும் கொம்பும் எவ்வளவு பெரியவையாக அமையும் என்பது பெரிதும் இந்த மாதங்களில் புழு உண்ட உணவைப் பொறுத்தது. ஏனெனில் கடின ஓடு பூண்டு வெளிவந்தபின் எந்த வண்டும் வளர்வதில்லை.

இப்புழு உயிருள்ள வேரையோ பச்சை மரத்தையோ தின்பதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அதன் உணவு முழுவதும் மக்கிய நார்ப்பொருளே. மாடு முதலிய கால்நடைகளின் இரைப்பையில் நுண்ணுயிர்கள் புல்லைச் செரிக்க உதவுவது பலருக்கும் தெரிந்தது; அதற்கு ஒப்பான பணி இப்புழுவின் உடலில் பின்குடலில் நடக்கிறது. அங்கே பருத்து விரிந்த ஒரு நொதிப்பறை உண்டு. மரத்தின் கடின நாராகிய செல்லுலோசை அங்கு வாழும் பாக்டீரியாக்கள் உடைத்துப் புழுவுக்குச் சத்தாக மாற்றித் தருகின்றன. வளர்ந்த புழுவின் வயிற்றுப் பின்பகுதி ஒளி ஊடுருவும் தோலுக்குள் கருஞ்சாம்பல் நிறமாகத் தெரிவது இந்தப் பறையில் நிறைந்திருக்கும் மட்கினால்தான். ஆகவே, பயிருக்குப் பகையான இதே உயிர் தன் வாழ்வின் பெரும்பகுதியில், விழுந்த மரத்தை மண்ணாக்கும் வேலையைச் செய்கிறது. காட்டில் இந்த உழைப்புக்கு மதிப்பு உண்டு. ஒரே வகை மரத்தை ஆயிரக்கணக்கில் நட்டு, ஒரே நாளில் வெட்டிச் சாய்க்கும் தோட்டத்தில்தான் அது கட்டுமீறிப் பெருகுகிறது.

உண்டு முடித்த புழு அடுத்த நிலைக்கு ஆயத்தமாகும் விதம் இவ்வாழ்க்கைச் சுழலில் மிகவும் கவனிக்கத்தக்கது. அது மட்குக் குவியலின் அடிப்பகுதிக்கோ, அதற்கும் கீழேயுள்ள மண்ணுக்கோ இறங்கி, அங்கே உடலைத் திரும்பத் திரும்பச் சுழற்றி, மண்ணையும் நாரையும் தன் எச்சத்தையும் அழுத்தி, உட்சுவர் வழவழப்பான முட்டை வடிவ அறை ஒன்றை அமைக்கிறது. தோட்டங்களில் மட்கிய தண்டைப் பிளந்து பார்ப்பவர்கள் இந்த அறைகளை எளிதில் கண்டுகொள்வர். கையில் எடுத்தால் உதிராத அளவுக்கு அவற்றின் சுவர் இறுகியிருக்கும். அறைக்குள் புழு உணவை நிறுத்தி, குடலிலுள்ளவற்றை வெளியேற்றி, மடிப்புகள் விழுந்து மஞ்சள் பூத்த தோற்றத்துடன் 8 முதல் 13 நாள்கள் அசைவற்றுக் கிடக்கிறது. இதற்கு முன்கூட்டுப்புழு நிலை என்று பெயர். பின்னர் தோலுரித்துக் கூட்டுப்புழுவாகும்போதுதான் கொம்பு முதன்முதலாகத் தோன்றுகிறது. கால்களும் இறக்கைகளும் மார்போடு மடித்து வைக்கப்பட்ட நிலையில் உருவம் பெறுகின்றன. அறையின் நீளம் உடலின் நீளத்தோடு கொம்பின் நீளமும் சேர்ந்தே அமைந்திருக்க வேண்டும். கொம்பே இல்லாத புழு அதற்கு இடம் விட்டு அறையைக் கட்டி முடித்துவிடுகிறது. மூன்று, நான்கு வாரங்களில் கூட்டுப்புழுவின் தோலும் கழன்று முதிர்வண்டு உருவானாலும், அது உடனே வெளியேறாமல், மென்மையான செம்பழுப்பு ஓடு இறுகிக் கறுக்கும்வரை மேலும் சுமார் மூன்று வாரங்கள் அதே அறையில் தங்கியிருக்கிறது. முட்டை முதல் இந்த நாள்வரை கணக்கிட்டால் ஏறத்தாழ ஐந்து முதல் ஒன்பது மாதங்கள் ஆகும்.

அறையை உடைத்துக்கொண்டு மேலே வரும் வண்டு இரவில் பறந்து உயிருள்ள பனையின் உச்சியை அடைகிறது. மட்டைகளின் அடி சந்திக்கும் இடுக்கில் இறங்கி, இன்னும் விரியாத குருத்தை நோக்கித் துளைத்துச் செல்கிறது. அதன் கடிவாய் நாரை மென்று பிழிகிறது, வண்டு அதன் சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துளைக்கு வெளியே தள்ளுகிறது. குருத்தின் அடியில் புதிதாகத் தும்பு தும்பாக நார் பிதுங்கியிருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது என்று பொருள். விரியாத குருத்தில் இலைகள் விசிறிபோல் நெருங்கி மடிந்திருப்பதால், குறுக்கே போன ஒரே துளை பல ஈர்க்கிலைகளையும் ஒருங்கே அறுத்துவிடுகிறது. சில வாரங்களுக்குப் பின் அந்த மட்டை விரியும்போது நடுநரம்பின் இருபுறமும் ஒத்த அளவில் ஆப்பு வடிவ வெட்டுகள் வெளிப்படுகின்றன. ஆகவே கண்ணுக்குத் தெரியும் வடு எப்போதும் பழைய செய்தி. அதைச் செய்த வண்டு அதற்குள் வேறு மரத்துக்கோ முட்டையிடும் இடத்துக்கோ போயிருக்கும். வளர்ந்த தென்னை சில மட்டைகளை இழந்தாலும் தாங்கும். நட்டு ஓரிரு ஆண்டே ஆன செம்பனைக் கன்றில் துளை வளர்முனையை எட்டிவிட்டால் அது பிழைப்பதில்லை. பிழைத்தாலும் காய்ப்பு தள்ளிப்போய் முதல் அறுவடைகள் குறைகின்றன. துளை வழியே அழுகல் நுழைவதும், காயத்தின் மணத்தை நாடிச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடுவதும் அதன்பின் நேரும் கூடுதல் கேடுகள். முதிர்வண்டு நான்கைந்து மாதங்கள் வாழ்ந்து, உண்பதற்கு மர உச்சிக்கும் இணைசேர்ந்து முட்டையிட மட்குக்கும் மாறி மாறிச் செல்கிறது. குளிரும் நெடுங்கோடையும் இல்லாத இந்நாட்டில் எல்லா மாதங்களிலும் எல்லாப் பருவத்து உயிர்களும் ஒரே நேரத்தில் காணப்படும்.

மலாயாவில் ரப்பர் சாகுபடி பரவக் காரணமானவர் என்று பரவலாக அறியப்படும் ஹென்றி ரிட்லி, சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற மறு ஆண்டிலேயே, அதாவது 1889இல், தென்னைகளை வண்டுகள் அழிப்பது பற்றிய அறிக்கை ஒன்றை எழுதினார். அதைத் தொடர்ந்து நீரிணைக் குடியேற்றங்களில் 1890இல் தென்னைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பட்டுப்போன மரங்களையும் அழுகும் தண்டுகளையும் உரிமையாளர்கள் அழித்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். இந்த அணுகுமுறை சரியானது என்பதைப் பின்வந்த ஆராய்ச்சி முழுதும் உறுதிப்படுத்தியது. மரத்தில் இருக்கும் வண்டை விட்டுவிட்டுத் தரையில் கிடக்கும் மட்கைக் குறிவைத்தது அதன் சிறப்பு. கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் கடலோரக் களிமண் நிலங்களில் தென்னந்தோட்டங்கள் விரிந்திருந்த அக்காலத்தில், அடிமரங்களை எரிப்பதும் புதைப்பதும் தோட்ட வேலையின் ஒரு பகுதியாயின. அத்துடன், கொக்கிபோல் வளைத்த கம்பியைத் துளைக்குள் விட்டு வண்டைக் குத்தி வெளியே இழுக்கும் முறை தமிழகத்துத் தென்னந்தோப்புகளிலும் இங்கும் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. உச்சியின் இளந்தண்டைக் காயப்படுத்தாமல் வண்டை மட்டும் எடுப்பதற்குக் கைப்பழக்கமும் பொறுமையும் வேண்டும். பூச்சியியல் நூல்களில் ஒரே வரியில் முடிந்துவிடும் இந்த வேலையின் பின்னால் எத்தனையோ தோட்டத் தொழிலாளர்களின் உழைப்பு இருக்கிறது, அது உரிய அளவில் பதிவாகாதது வருத்தத்துக்குரியது.

1917இல் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே வணிக முறையில் செம்பனையை நட்டதுதான் மலேசியச் செம்பனைத் தொழிலின் தொடக்கம். 1960களில் ரப்பரையும் தென்னையையும் அழித்துவிட்டுச் செம்பனை நடும் வேகம் கூடியபோது வண்டுக்கு இரட்டை வாய்ப்புக் கிட்டியது: சாய்க்கப்பட்ட பழைய மரங்கள் அழுகிப் புழுவுக்கு உணவாயின, அவற்றின் நடுவே நடப்பட்ட கன்றுகள் வண்டுக்கு உணவாயின. செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுநடவு செய்யப்படுவதால் இந்த வாய்ப்பு சுழற்சியாகத் திரும்பி வருகிறது. முன்பு வெட்டிய தண்டுகள் எரிக்கப்பட்டன. 1990களில் புகைமூட்டத்தைத் தவிர்ப்பதற்காக எரிக்காத மறுநடவு முறை பரவியபின், தண்டுகளைச் சீவி வரிசை வரிசையாகக் குவித்து மக்கவிடுகின்றனர். காற்றுக்கும் மண்ணுக்கும் அது நல்லது என்பதில் ஐயமில்லை. ஆயினும், வெட்டிய சில மாதங்களில் இந்தக் குவியல்கள் முட்டையிடத் தக்கவையாகி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவ்வாறே நீடிக்கின்றன. கன்றுகள் மிகவும் மென்மையாக இருக்கும் காலமும் அதுவே. இந்தச் சிக்கலுக்கு ஒரு நல்ல விடையை 1960களின் இறுதியில் பிரையன் உட் என்னும் பூச்சியியலாளர் மலேசியத் தோட்டங்களில் செய்த ஆய்வுகள் தந்தன. அவரை வகைக் கொடிகளை மூடுபயிராக விரைந்து வளரவிட்டு, மட்கும் தண்டுகளை அவை முற்றாகப் போர்த்திக்கொண்டால், பெண் வண்டுகள் அக்குவியல்களைக் கண்டடைவது தடைபட்டுக் கன்றுகளின் சேதம் வெகுவாகக் குறைகிறது என்பதை அவர் காட்டினார். எந்த நஞ்சும் தெளிக்காமல், உயரமும் அடர்த்தியும் உள்ள பச்சைப் போர்வை ஒன்றே இதைச் செய்கிறது.

இந்நாட்டு மண் உலகத்துக்கு அளித்த பெரிய கொடை ஒன்றும் இந்த வண்டோடு தொடர்புடையது. 1909இல் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகளோடு இவ்வண்டு பசிபிக்கின் சமோவாத் தீவுகளுக்குத் தற்செயலாகச் சென்று சேர்ந்தது. இயற்கைப் பகைவர்கள் இல்லாத அத்தீவுகளில் பெருகி, தொடர்ந்து பல தீவுகளுக்கும், 1953இல் ஃபீஜிக்கும் பரவியது. பலாவுத் தீவுகளில் சுமார் பாதித் தென்னைகள் அழிந்தன. தேங்காயும் கொப்பரையுமே வாழ்வாதாரமான அம்மக்களுக்காக, வண்டின் பூர்வீக நிலத்திலேயே அதை அடக்கிவைக்கும் நோய் ஏதேனும் இருக்கிறதா என்று தேடிவந்த ஜெர்மன் அறிஞர் அலோய்ஸ் ஹூகர், 1963இல் மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் நோயுற்ற புழுக்களைக் கண்டெடுத்தார். ஆரோக்கியமான புழுவின் உடல் கொழுப்பால் பால்போல் வெண்மையாக இருக்க, இவற்றின் உடலில் கொழுப்பு கரைந்து கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. காரணம் அதுவரை அறியப்படாத கோல் வடிவ வைரஸ் ஒன்று என்பதை ஆய்வகத்தில் நிறுவிய ஹூகர், இந்நோயை மலாயா நோய் என்று குறிப்பிட்டார்.

1967இல் மேற்குச் சமோவாவில் புழுக்கள் வளரும் மட்குக் குவியல்களில் இந்த வைரஸ் கலக்கப்பட்டது. கலந்த இடத்தில் மட்டும் புழுக்கள் சாகும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. நோயோ தீவுகள் முழுவதும் தானாகப் பரவி, வண்டுகள் சரசரவெனக் குறைந்து, மொட்டையான தென்னைகள் மீண்டும் தழைத்தன. விளக்கம் பின்னர்தான் கிடைத்தது. தொற்றிய புழு சில வாரங்களில் இறந்துவிடுகிறது. தொற்றிய முதிர்வண்டோ உடனே சாவதில்லை. அதன் நடுக்குடலில் வைரஸ் பெருகி எச்சத்தோடு வெளிவருகிறது. உண்பதும் முட்டையிடுவதும் குன்றினாலும் அது தொடர்ந்து பறந்து, இணைசேரும்போது பிற வண்டுகளுக்கும், முட்டையிடும் மட்கில் புழுக்களுக்கும் நோயைக் கொண்டுசேர்க்கிறது. மரத்துக்கும் மட்குக்கும் இடையே போய்வரும் அதன் வாழ்க்கை முறையே நோயைச் சுமக்கும் வழியாகிவிட்டது. பின்னாளில் பல தீவுகளிலும், 1983இல் இந்தியாவின் இலட்சத்தீவுகளைச் சேர்ந்த மினிக்காயிலும் இம்முறை கையாளப்பட்டது. பூச்சிக்கு எதிராக வைரஸைப் பயன்படுத்திய வரலாற்றில் இதற்கு நிகரான வெற்றிகள் சிலவே.

மட்குக்குள் புழுவைக் கொல்லும் மற்றொரு துணை மெட்டாரைசியம் என்னும் பூஞ்சை. மண்ணில் இயல்பாகவே வாழும் இது புழுவின் தோலைத் துளைத்து உட்புகுந்து, அதைக் கொன்று விறைக்கச் செய்து, முதலில் வெண்மையாகவும் பின்னர் கரும்பச்சையாகவும் உடல் முழுதும் பூக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தென்கோடியில், பாங்கியில் தலைமையகம் கொண்ட மலேசியச் செம்பனை வாரியம் இப்பூஞ்சையைத் தோட்டங்களில் பயன்படுத்தும் முறைகளை வளர்த்துள்ளது. மேலே பறக்கும் வண்டுக்கு 1990களின் நடுவில் வேறொரு வழி திறந்தது: ஆண் வண்டு தன் இனத்தை ஈர்க்க வெளியிடும் மணப்பொருள் எது என்று கண்டறியப்பட்டு, ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்டு, வாளிகளுக்கு மேல் தொங்கவிடப்படுகிறது. தமிழக விவசாயிகள் ஆமணக்குப் பிண்ணாக்குக் கரைசலைப் பானைகளில் வைத்து வண்டுகளை ஈர்த்ததும் மணத்தைக் கொண்டு பொறி அமைக்கும் இதே உத்திதான். கன்றுகளின் மட்டை இடுக்கில் பாச்சை உருண்டை வைப்பதும் பூச்சிமருந்து தெளிப்பதும் இன்றும் தொடர்கின்றன. அவை அந்தக் கன்றைக் காக்குமே தவிர, அருகிலுள்ள குவியலில் வளரும் அடுத்த தலைமுறையைத் தொடுவதில்லை.

ஆனால் 2007இல் குவாம் தீவில் தோன்றிப் பெருகிய வண்டுகளை மலாயா நோயின் வைரஸ் அடக்கவில்லை; அவை மரபணுவில் சற்று வேறுபட்ட, நோயை எதிர்க்கும் வகை என்று பின்னர் தெரியவந்தது. 2013இல் ஹவாயிலும் வண்டு காணப்பட்டது. அவற்றை அடக்கும் வேறு வைரஸ் வகைகளுக்கான தேடல் மீண்டும் ஆசிய மண்ணை நோக்கித் திரும்பியுள்ளது.

நகரத்துக் குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வீட்டுத் தென்னையை வெட்டிச் சாய்ப்பவர்கள், தண்டை மதிலோரம் போட்டுவிட்டால் அது பத்துப் பன்னிரண்டு வீடுகள் தள்ளியிருக்கும் தென்னைகளுக்கும் வண்டை வளர்த்துக் கொடுக்கும். தண்டைச் சிறு துண்டுகளாகப் பிளந்து உலரவிட வேண்டும். தரையில் எஞ்சும் அடிக்கட்டையையும் தோண்டி எடுத்துவிட வேண்டும். இலைதழை மட்கோ மாட்டுச் சாணமோ சேர்த்து வைப்பவர்கள் குவியலை மாதம் ஒருமுறை அடிவரை புரட்டினால் போதும்: புழு வளர்ந்து கூட்டுப்புழுவாவதற்கே மூன்று மாதங்களுக்குக் குறையாமல் ஆவதால், அவ்வாறு புரட்டி, வெளிப்படும் புழுக்களைக் கோழிகளுக்குப் போட்டுவரும் குவியலிலிருந்து ஒரு வண்டுகூடப் பறந்து வெளியேற வழியிராது.